வித்தியாசம் தெரியாத வரை

எழுதிய நிரலில் மணி இருந்தது. இயந்திரத்துக்குப் போன குறியீட்டில் மணி இல்லை.

ஹில்க்கா இரண்டையும் திரையில் அருகருகே வைத்து நான்காவது முறையாக ஒப்பிட்டாள். நோயாளிக்கு ஏறும் மருந்துச் சொட்டுகளின் கணக்கு தவறினால் பம்ப் மணியடிக்க வேண்டும் என்று அவளே எழுதிய ஆறு வரிகள். மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர் அந்த ஆறையும் விழுங்கியிருந்தது. கணக்கு தவறவே வழியில்லை என்று அதற்குத் தோன்றிவிட்டது. தவறாத கணக்குக்கு மணி எதற்கு? நிரலை வேகப்படுத்தும்போது அதற்கு ஒரே விதிதான்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாத வரை எதையும் எடுத்துவிடலாம். நிர்வாகங்கள் ஆட்குறைப்பு செய்வதும் இதே விதிப்படிதான். கம்பைலர் அதற்கு முன்னால் உரையாற்றுவதில்லை, அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது என்று பார்க்க, நடுவில் கணக்கைத் திரையில் காட்டும் ஒரு வரியைச் சேர்த்தாள். மணி திரும்பி வந்தது. வரியை எடுத்தாள். போய்விட்டது. பார்த்தால் இருந்தது; பார்க்காவிட்டால் இல்லை.

ஆற்றுக்கு அக்கரையில், ஔலு நகர மருத்துவமனையின் நான்காம் மாடியில், அவள் கணவன் ஆவ்லிஸின் கையில் ஏறிக்கொண்டிருந்த வலிமருந்து இதே பம்ப்பிலிருந்துதான் வந்தது. வார்டுக்குப் போன் செய்தாள். அவர் தூங்குகிறார், பம்ப் காலையிலிருந்து ஒரு சத்தமும் போடவில்லை என்று செவிலி நல்ல செய்தியைப் போலச் சொன்னாள். பம்ப்பைச் செய்த அவள் நிறுவனத்திடமிருந்து தடைக் கடிதம் வந்தால் அந்த நிமிஷமே அதைக் கழற்றிவிடுவார்களாம்.

கடிதம் போட வேண்டியவர் ரெய்யோ. மேலாளர். தன் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டி, அவற்றுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்.

"நாற்பதாயிரம் வரியைத் தூக்கிட்டு வந்து கம்பைலர் தப்புங்கறே. பத்து வரியில காட்டு. காட்ட முடியலன்னா அது உன் தப்பு."

தொழிலின் வழக்கம் அது. நிரலைப் பாதியாக வெட்டு. பிழை மிச்சமிருந்தால் வெட்டியதை எறி. மறுபடி வெட்டு.

பிற்பகல் மணி மூன்றரை. அந்த வடகோடியின் டிசம்பர் சூரியன் வந்த சுவடு தெரியாமல் போய், ஜன்னல் முழுக்கக் கறுத்திருந்தது; வெளியே பனியை வழிக்கும் பனிவண்டி எங்கோ தார்ச்சாலையைச் சுரண்டும் ஓசையும், உள்ளே காபியும் ஏலக்காய் பன்னும் சேர்ந்த வாசனையும், கூரைக்குழாயில் காற்று ஓடும் நீண்ட முனகலுமாக இருந்த அந்த அறையில், அசைவு தெரியாவிட்டால் தானே அணைந்துவிடும் விளக்கு ஒருமுறை அணைந்தது.

வாசலில் ஒய்லி, பக்கத்து மேசைக்காரி, சிரித்தாள். "கையை ஆட்டுடி. இல்லன்னா நீ செத்துட்டேன்னு அதுவே முடிவு பண்ணிடும்."

ஆட்டினாள். எரிந்தது.

இருபதாயிரம். பிழை இருந்தது. பத்தாயிரம். இருந்தது. எல்லாம் அவள் கையால் எழுதிய வரிகள், எட்டு வருஷம். ஐயாயிரத்தில் கூரைக்குழாயின் முனகல் நின்றதை, நின்று வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள். ஆயிரத்தில் ஒய்லி காபி கொண்டு வந்தாள். தினமும் மூன்று கோப்பை. இன்று இரண்டு. ஒன்றைத் தன் மேசையில் வைத்துவிட்டு, மற்றதை ரெய்யோவின் அறைக்கு எடுத்துப் போனாள். ஹில்க்கா கூப்பிட்டாள். ஒய்லி திரும்பவில்லை.

விளக்கு அணைந்தது. இம்முறை இரண்டு கையையும் ஆட்ட வேண்டியிருந்தது.

நூறு வரி. காபி வாசனை இல்லை. இருபது. பனிவண்டி இல்லை.

பதினொன்று.

பத்து நிரல் வரிகள், தலைப்பில் ஒரு குறிப்பு: எழுதியவர், ஹில்க்கா மொய்சியோ. கம்பைலர் குறிப்புகளைப் படிப்பதே இல்லை. படிக்காத வரியை எடுப்பதால் எதுவும் மாறாது. முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும்.

எடுத்தாள்.

பத்து. பிழை இருந்தது. ரெய்யோவுக்கு அனுப்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் திரையைப் பார்ப்பது தெரிந்தது.

"யார் அனுப்பினது இது? பேரே இல்ல."

"பேரில்லாம வந்தா திறக்காதீங்க. வைரஸா இருக்கும்," என்றது ஒய்லியின் குரல்.

அவர் அழித்தார்.

ஹில்க்கா எழுந்து கத்தினாள். தன் குரல் தன் காதுக்கு வரவில்லை. வார்டு எண்ணை அழுத்தினாள். செவிலி எடுத்தாள்.

"ஹலோ? ஹலோ? யாரும் பேசல."

செவிலியின் பின்னால் சொட்டுச் சத்தம். டக். டக். பிறகு டக்டக். பிறகு இடைவெளியே இல்லாமல். மணி அடிக்கவில்லை.

"லைன்ல யாரும் இல்லப்பா," என்று யாரிடமோ சொல்லி வைத்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது.

ஹில்க்கா வலக்கையை ஆட்டினாள். இடக்கையை. இரண்டையும். மேசைமேல் ஏறி, கூரையில் கண்சிமிட்டி அசைவைத் தேடும் அந்தச் சிவப்புப் புள்ளிக்கு ஒரு விரற்கடை தூரத்தில், முகத்துக்கு நேராக, ஆட்டினாள்.

ஆட்டிக்கொண்டே இருந்தாள்.