மூட்டு விட்ட மீன்தொட்டி

1954 மாசியில், புதுக்கடைக் கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கையில், மத்தியாஸ் ஓய்வுபெற்ற நர்ஸ் ஞானபாயின் வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டுத் தையற்காரர் ஜெயசிங் அதைப் பார்த்ததும் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓடிவந்தார். ஞானபாய் ஒரு முடிச்சை அவிழ்க்கிறாள் என்றால் அவருக்குத் தையல் ஓடாது.

மத்தியாஸ் யுத்த காலத்தில் விமானப் பட்டறையில் இருந்தவன். விமானச் சன்னலுக்குப் போடும் அக்ரிலிக் பலகைகளைக் குளோரோபாம் விட்டு ஒட்டி, ஆள் நீளத்தில் ஒரு மீன்தொட்டி செய்திருந்தான். அது நன்றாக நின்றால் மீன்துறையில் நிரந்தர வேலைக்கு வழி உண்டு. நேற்று மதியம் மூட்டு விட்டு, தண்ணீரும் மீனும் தரையில். கடல்மீன் பிடித்துத் தந்த மச்சினன் இஞ்ஞாசிதான் கத்தியால் கீறினான் என்றான். வீட்டு மனைப் பங்குத் தகராறில் இருவருக்கும் பேச்சில்லை. கூடப்பிறந்தவளான மத்தியாஸின் பெண்சாதி சொன்னதற்காகத்தான் இஞ்ஞாசி மீனே பிடித்தான்.

மூவரும் கண்காட்சிக் கொட்டகைக்குப் போனார்கள். மேசைக்கடியில் இஞ்ஞாசியின் கத்தி கிடந்தது. ஜெயசிங்குக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஞானபாயோ கத்தியைப் பாராமல், மூட்டின் வெளிப்பக்கத்தில் விரலை ஓட்டினாள்.

"கத்தி கீறினா விரல்ல தட்டும், ஜெயசிங். இது வழவழன்னு இருக்கு. சரிஞ்சு பாருங்க."

சாய்ந்து பார்த்தார். உள்ளுக்குள் தலைமுடிபோல நூறு வெடிப்புகள் மின்னின. மூட்டின் மேல்முனையில், தண்ணீர் கொட்டிய இடத்துக்கு மேலே, "கடல்மீன்கள்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஞானபாய் அதை நனைத்து உரித்தாள். அடியில் ஒரு வெடிப்பும் இல்லை.

சீட்டை எப்போது ஒட்டினாய் என்று கேட்டாள். நேற்றுக் காலை என்றான் மத்தியாஸ். இஞ்ஞாசி முந்தின நாள் சாயங்காலமே மீனை விட்டுவிட்டு, கத்தியை அங்கேயே மறந்து கடற்கரைக்குப் போனவன், திரும்பவில்லை.

"அப்போ வெடிப்பு விழுந்தது சீட்டு ஒட்டினதுக்குப் பொறவு. உன் மச்சினன் இல்ல. யாரோ துடைச்சிருக்காங்க. தண்ணியில துடைச்சிருந்தா மாவுப்பசை ஊறி ஓரம் கிளம்பியிருக்கும், கிளம்பல."

அடுத்த மேசையில் பள்ளிக்கூடத்துச் செத்த மீன்கள் கெடாமல் குப்பிகளில் ஸ்பிரிட்டில் கிடந்தன. அதற்குக் காவல் இருந்த செல்வதாசை அவள் மெல்லக் கூப்பிட்டு, "தொட்டிய நீ எதுல துடைச்ச?" என்றாள்.

அவன் தயங்காமல் சொன்னான். "ஸ்பிரிட்டுலதான், அம்மா. பிள்ளைங்க கை வச்சு அழுக்காக்கிப் போட்டாங்க. பளபளன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்."

ஒட்டின மூட்டில் இழுவிசை இருக்கும், அங்கே ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக் வெடித்துவிடும் என்று ஞானபாய் விளக்கினாள். செல்வதாசின் முகம் கறுத்தது. அவனை யாரும் திட்டவில்லை.

மத்தியாஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். அங்கே என்ன சொன்னானோ, திரும்பும்போது இஞ்ஞாசி பின்னால் உட்கார்ந்திருந்தான்.

தொட்டியைக் காயவைத்து, மூட்டின் உள்மூலை நெடுக ஓர் அக்ரிலிக் பட்டையை வைத்தார்கள். ஞானபாயின் ஊசிக்குழலால் மத்தியாஸ் குளோரோபாமைச் சொட்டுச் சொட்டாக இடுக்கில் விட, இஞ்ஞாசி இரண்டு கையாலும் பட்டையை அழுத்திக்கொண்டான்.

"கை கடுக்குதா?" என்றான் மத்தியாஸ், வெகுநேரம் கழித்து.

"கடுக்கட்டும். ஒட்டுற வரைக்கும் விடமாட்டேன்."

மூன்றாம் நாள் காலை தொட்டி நிறையத் தண்ணீர் விட்டார்கள். மச்சினன்மார் இருவரும் தரையில் குந்தி, தோளோடு தோள் இடிக்க, அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டும் வரவில்லை.