இரண்டாவது சட்டி

பவதாரணி ஞானேஸ்வரியின் வீட்டுக்கு வந்தபோது, சுவிஸில் பேர்ண் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்து, கதிரையின் நுனியில் இருந்தாள். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அக்கா, நான் ஒருத்தருக்கும் பழுதான சாப்பாடு குடுக்கேல்லை," என்றாள்.

ஞானேஸ்வரி அவசரப்படவில்லை. நீதிமன்றங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்பவள் அவள். ஒருவர் சொல்வதை முடியும்வரை கேட்பது அவளுக்குத் தொழில். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக் கேட்பாள் என்ற பெயர் இருந்ததால், பேர்ண் பக்கத்துத் தமிழர்கள் தங்கள் சிக்கல்களை அவளிடம் கொண்டுவருவார்கள். கணவர் சச்சிதானந்தன் டிராம் ஓட்டுபவர். இப்படி யாராவது வந்துவிட்டால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கதிரையை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்வார்.

பவதாரணி வேலை செய்த இடம் பேர்ண் நகரில் 'எல் அல்மென்ட்ரோ' என்ற சின்ன ஸ்பானிய உணவகம். முதலாளி அம்பாரோ. கட்டட வேலைக்கு ஸ்பெயினிலிருந்து வந்த தகப்பனும் தாயும் தொடங்கிய கடையை இப்போது அவள் நடத்துகிறாள். சமையற்காரர் பத்மநாதன். டாவோஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு இங்கே வந்து, அம்பாரோவின் தாயிடம் அந்தச் சமையல் முழுவதையும் பழகியவர். பவதாரணிக்குக் குசினி வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

இந்த வருடம் பிறந்ததிலிருந்து அங்கே சாப்பிட வந்தவர்கள் ஒரே மாதிரிக் கதைக்கவில்லை. ஒரு மாலை, பாதாம் அரைத்த குழம்பில் போட்ட இறைச்சி உருண்டையைச் சாப்பிட்ட ஒருவர் குசினி வாசல்வரை வந்து பத்மநாதனின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதே மாலை, அதே கறியை ஒரு வாய் வைத்த ஓய்வுபெற்ற ஆசிரியை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகும் இப்படியே நடந்தது. போன கிழமை ஒரு முதியவர் மட்டிச் சிப்பி சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மட்டி கழுவுவதும் குளிர் அறையைத் துப்புரவாக்குவதும் பவதாரணியின் பொறுப்பு. இனி வர வேண்டாம் என்று அம்பாரோ சொல்லிவிட்டாள். பவதாரணியிடம் இருந்தது அகதிகளுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் எஃப் அனுமதி. அதை நிலையான பி வதிவிட அனுமதி ஆக்கித் தரச் சொல்லி விண்ணப்பித்திருந்தாள். வேலை போனால் அந்த விண்ணப்பமும் போகும்.

"பத்மநாதன் அண்ணை என்ன சொன்னார்?" என்று ஞானேஸ்வரி கேட்டாள்.

"பக்கத்திலை நிண்டவர். ஒண்டும் கதைக்கேல்லை."

"அந்த மட்டியைக் கழுவேக்கை உமக்கு என்ன தெரிஞ்சது?"

பவதாரணி யன்னலைப் பார்த்தாள். ஒரு மாதிரி மணந்தது என்று அண்ணையிடம் சொன்னாளாம். அவர் கோப்பையை மூக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாராம். இதை அவள் அம்பாரோவிடம் சொல்லவில்லை. வேலை எடுத்துத் தந்தவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

சச்சிதானந்தனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நல்ல சாப்பாடு எந்த மேசைக்குப் போனது, கெட்டது எதற்குப் போனது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், யன்னலோர மேசைக்காரர்கள் பெரும்பாலும் புகழ்ந்தார்கள், பின் மேசைக்காரர்கள்தான் முகம் சுளித்தார்கள் என்றாள் பவதாரணி. அவர் மனைவியை வெற்றியோடு பார்த்தார். ஆரோ வேண்டுமென்றே செய்கிறார்கள், பரிமாறுகிற ஆளைப் பிடித்தால் போதும் என்பது அவர் முடிவு.

ஞானேஸ்வரி வேறொன்றைக் கேட்டாள். குசினியில் இந்த வருடம் என்ன மாறியிருக்கிறது?

பெரிதாக ஒன்றுமில்லை என்றாள் பவதாரணி. தைமாதம் அண்ணை பஸ் தரிப்பிடத்தில் பனிக்கட்டியில் சறுக்கிப் பிடரி அடிபட விழுந்து, தலையில் கட்டோடு சில நாள் வந்தார். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் மணி வைக்கிறார். முன்பெல்லாம் குசினியின் மற்ற மூலையில் நின்றே, உள்ளி பொரிந்துவிட்டது இறக்கு என்பார். இப்போது அடுப்புக்கு மேலே சின்னச் சின்ன மணிக்கூடுகள் வரிசையாக நிற்கின்றன.

மறுநாள் மத்தியானம் கணவனும் மனைவியும் அங்கே சாப்பிடப் போனார்கள். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பொரித்த தோர்த்தியா அருமையாக இருந்தது. பச்சை மிளகாயை உப்புத் தூவி வதக்கியதும் அப்படியே. சாப்பாட்டுக்கு நடுவில், பால் அடிப்பிடிக்கும் மணம் மெல்ல அந்தச் சின்ன மண்டபத்துக்குள் வந்தது. அடுத்த மேசைப் பெண் தலையைத் திருப்பினாள். அம்பாரோவும் திரும்பினாள். ஞானேஸ்வரி எழுந்து குசினி வாசலடிக்குப் போனாள். பத்மநாதன் அடுப்பை ஒட்டி நின்று மிளகாய் அரிந்துகொண்டிருந்தார். பால்சட்டி அவருடைய முழங்கைக்கருகில் புகைந்தது. மணி அடித்த பிறகுதான் திரும்பி அதை இறக்கினார். இறக்கியவர், அந்தப் பாலையே புடிங்குக்கு ஊற்றினார்.

ஞானேஸ்வரி அம்பாரோவிடம் ஜெர்மனில் நீண்ட நேரம் கதைத்தாள். பவதாரணிக்காக வந்திருப்பதை மறைக்கவில்லை. குறை சொன்னவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த மேசையில் யாரை இருத்துவார்கள் என்றும் கேட்டாள். அம்பாரோ களைத்துப்போயிருந்தாள். குற்றம் யாருடையது என்று தனக்கே நிச்சயமில்லை என்று ஒப்புக்கொண்டாள். பின்னேரம் கடை பூட்டியதும் எல்லாரும் இருந்து கதைக்கலாம் என்று முடிவானது. அதற்கு முன் பத்மநாதனோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று ஞானேஸ்வரி கேட்டுக்கொண்டாள்.

குசினியில் மூன்று பேர்தான். சச்சிதானந்தன் கதவடியில் நின்றார். ஞானேஸ்வரி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றும் அடியிலிருந்து ஒன்றுமாக இரண்டு பாதாம் பைகளை எடுத்து, இரண்டு கோப்பைகளில் கொட்டி, மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இதிலை ஒண்டு பழசு. எண்ணெய் கெட்டுப் போச்சுது. எதெண்டு சொல்லுங்கோ."

பத்மநாதன் ஒரு கோப்பையை எடுத்தார். நிறம் பார்த்தார். ஒன்றை உடைத்துப் பார்த்தார். மற்றதையும் எடுத்தார். கதவடியில் நின்ற சச்சிதானந்தனுக்கே பழைய பாதாமின் காறல் மணம் எட்டியது. பத்மநாதன் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"தெரியேல்லை, தங்கச்சி."

"எப்பவிருந்து?"

"விழுந்ததிலையிருந்து."

சச்சிதானந்தன் மெல்ல வந்து ஒரு பெட்டியின் மேல் இருந்தார். பின் மேசைக் கதை என்னவாயிற்று என்று கேட்டார்.

"முதலே இடம் சொல்லி வைக்கிறவைதான் யன்னலடியிலை இருக்கினம். அவைக்கு முதல் சட்டி," என்றாள் ஞானேஸ்வரி. "பிந்தி வாறவை பின்னுக்கு. அதுக்குள்ளை முதல் சட்டி முடிஞ்சிடும். அண்ணை அவசரத்திலை அலுமாரி அடியிலை கிடந்த பையை எடுத்து ரெண்டாம் சட்டி வைப்பார். ஒரே கை, ஒரே கறி, ஆனா பாதாம் வேறை. குறை சொன்ன ஒருத்தரும் உப்புக் கூட எண்டோ, உறைப்பு எண்டோ சொல்லேல்லை. பழைய எண்ணெய், அடிப்பிடிச்ச பால், நாறின மட்டி. எல்லாம் மூக்கு பிடிக்கவேண்டிய பிழை. நாக்கு வேலை செய்யுது, மூக்கு இல்லை."

பத்மநாதன் தலையசைத்தார். வைத்தியர், திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்று சொல்லியிருந்தார். வரும் என்று காத்திருந்ததாகவும், மணம் தெரியாத சமையற்காரனை யார் வைத்திருப்பார்கள் என்று பயந்ததாகவும் சொன்னார். மட்டிக் கோப்பையைப் பிடித்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"அந்தப் பிள்ளையை அனுப்பேக்கையும் வாய் வரேல்லையோ?" ஞானேஸ்வரியின் குரல் உயரவில்லை.

அவர் முன்கட்டுத் துணியை அவிழ்த்து மடித்தார்.

அம்பாரோவும் பவதாரணியும் மண்டபத்தில் காத்திருந்தார்கள். பத்மநாதனுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனால் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மாற்றிச் சொல்லுங்கள் என்று ஞானேஸ்வரியைக் கேட்டார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவளும் எதையும் மென்மையாக்காமல் மாற்றிச் சொன்னாள். கேட்டு முடிந்ததும் அம்பாரோ அவருடைய தோளில் கை வைத்தாள். அம்மா இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள் என்று மட்டும் சொன்னாள். பவதாரணியிடம் மன்னிப்புக் கேட்டு, நாளையிலிருந்து வரச் சொன்னாள்.

பவதாரணி பத்மநாதனைப் பார்த்தாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், அண்ணை."

"ஓம்."

அவள் வெளியே போய்விட்டாள். பத்மநாதன் தன் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த முதியவரைப் பார்க்க வேண்டும் என்றார். முதியவர் தேறி வருவதாக அம்பாரோ சொன்னாள். பத்மநாதனும் கணவனும் மனைவியுமாக மூவரும் போனார்கள். கட்டிலருகே நின்று பத்மநாதன் சொன்னதை முதியவர் கேட்டுக்கொண்டார். கை கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் சச்சிதானந்தன் தாங்க முடியாமல் கேட்டார். மனைவி ஜெயந்தி அக்காவிடமாவது சொல்லியிருக்கலாமே?

பத்மநாதன் நின்றார். அவருடைய மகள் ரிஷானி சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோனதை அவர்கள் அறிவார்கள். அவளுடைய கம்பளிக் கழுத்துத்துணி ஒன்றைக் காற்றுப் போகாத பையில் கட்டி வைத்திருப்பதை அறியமாட்டார்கள்.

"இடைக்கிடை திறந்து மணப்பன். அவளின்ரை மணம் அப்பிடியே இருந்தது. தைமாதம் திறந்தன், ஒண்டும் இல்லை. ஜெயந்தி துவைச்சுப்போட்டா எண்டு கத்தினன். அவ எடுத்து மணந்து பாத்திட்டு, இருக்குத்தானேயப்பா எண்டா. அப்பத்தான் எனக்கு விளங்கினது, போனது என்ரை மூக்கு எண்டு." மீண்டும் நடக்கத் தொடங்கிச் சொன்னார்: "பிறகு ஒவ்வொரு முறையும் எனக்கும் மணக்குது எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்."

அவரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். ஜெயந்தியிடம் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினார்.

அடுத்த நாள் காலை ஜெயந்தி தொலைபேசியில் வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். விடியுமட்டும் நித்திரையில்லாமல் கிடந்து, இப்போது அறைக்குள் இருக்கிறாராம். ஞானேஸ்வரி காத்திருந்தாள். சொல்ல வந்தது அதுவல்ல என்று தெரிந்தது.

"எனக்கும் மணக்கிறேல்லை, ஞானா," என்றாள் ஜெயந்தி. "பிள்ளையின்ரை மணம் போன வருசமே போயிட்டுது. என்ரை மூக்குக்கு ஒண்டுமில்லை, துணியிலைதான் இல்லை. அவர் இருக்கு இருக்கு எண்டு மணக்கேக்கை, இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதாலை நானும் இருக்கு எண்டு சொன்னன். இப்ப அவர் தனக்கு மட்டும்தான் பிள்ளை இல்லாமப் போனமாதிரி அழுறார். நான் என்ன செய்ய?"

சச்சிதானந்தன் வேலைக்குப் புறப்பட்டுக் கதவடியில் நின்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"சொல்லுங்கோ அக்கா," என்றாள் ஞானேஸ்வரி. "இப்ப போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் பிள்ளையின்ரை மணத்தோடை உள்ளை இருக்கிறியள், தான் மட்டும் வெளியிலை நிக்கிறன் எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

மறுமுனையில் ஜெயந்தி தொலைபேசியை நிறுத்தாமலே எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. "இஞ்சேருங்கோ," என்று அவள் கணவரைக் கூப்பிட்டாள். ஞானேஸ்வரி அதற்குமேல் கேட்காமல் இணைப்பைத் துண்டித்தாள்.