கிணற்றிலிருந்து எடுத்த படிகள்

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி, நல்ல வெயில். இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்கள் இருட்டு, இடி, மின்னல் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நடந்ததெல்லாம் பட்டப்பகலில், சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நடந்தது. அதனால் கனவு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை.

நான் கல்வேலை செய்யும் மேஸ்திரி. கூட வந்தவன் மச்சான், என் மனைவியின் தம்பி. கல் தூக்கச் சொன்னால் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாப்பிடக் கூப்பிட்டால் உடனே விட்டுவிடும். ஆனால் கலவை போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்காகவே பொறுத்துக்கொண்டிருந்தேன்.

வீடு ஒரு குன்றின் அடியில் இருந்தது. பின்கதவைத் திறந்தால் தோட்டம் அப்படியே மேலே ஏறியது. உச்சியில் சமமாக ஒரு துண்டு நிலமும் ஒரு பெரிய மரமும். அதுவரைக்கும் கல்லில் படி வேண்டும் என்றார் வீட்டுக்கார அம்மா. நாற்பது வயது இருக்கும். முதல் நாளிலிருந்தே என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

"அவருக்கு ரெண்டு வருஷமா கால் சரியில்லண்ணே. தினம் கொஞ்சம் கொஞ்சமா படி ஏறச் சொல்லி டாக்டர் சொல்றாரு. நேரா வச்சா செங்குத்தாப் போயிடும். வளைச்சு, தாழ்வா வச்சுக் குடுங்க. அவர் நடந்துட்டாப் போதும்."

அம்மாவின் கணவர் பின்னறை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்பு நில அளவைக்காரராக இருந்தவராம், மலை மலையாக ஏறி இறங்கியவர். "வாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். உயிரோடு இருப்பதே அலுத்துப்போன முகம்.

வளைந்த படி என்பது பார்க்க அழகு, செய்ய நரகம். ஒவ்வொரு கல்லும் உள்பக்கம் குறுகியும் வெளிப்பக்கம் அகன்றும் இருக்க வேண்டும். ஒரு கல்லைச் செதுக்க ஒன்றரை நாள் ஆகும். இருபத்திரண்டு கல் தேவை. மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"மழை வந்துட்டா இன்னும் மூணு மாசம் அந்த ஜன்னல்லயே கிடப்பாரு. அதுக்கப்புறம் எந்திரிக்கவே மாட்டாருண்ணே" என்றார் அம்மா. அழவில்லை. கணக்காகச் சொன்னார்.

கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மச்சான் மேலே ஒண்ணுக்குப் போன இடத்திலிருந்து வந்தது. மரத்துக்குப் பின்னால் கொடி மண்டிக் கிடந்தது. அவன் காலை வைத்ததும் தகரம் சத்தம் போட்டிருக்கிறது. விலக்கிப் பார்த்தோம். ஒரு பாழுங்கிணறு. உள்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கின படிகள்.

ஒவ்வொன்றும் உள்பக்கம் குறுகி, வெளிப்பக்கம் அகன்று.

எனக்குக் கை பரபரத்தது. யார் செதுக்கியதோ, நான் சாகும்வரை உட்கார்ந்து செதுக்கினாலும் அந்தச் சுத்தம் வராது. நடுவில் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. அம்மாவிடம் கேட்டேன். வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது, கிணறு இருப்பதே தெரியாது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மேலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். மூன்று கழிகளை முக்காலிபோல் நட்டு, சங்கிலி போட்டு, கல்லைத் தூக்கியதும் அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதினேன். கிணற்றின் வாயில் இருந்தது ஒன்று. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது இருபத்திரண்டு. அதற்குக் கீழேயும் படிகள் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தன. மச்சான் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இன்னும் போகுது மாமா."

"போனாப் போவட்டும். நமக்கு இது போதும்."

படி கட்டுவது எப்போதும் கீழிருந்துதான். கீழ்க்கல்லின் முதுகில்தான் மேல்கல் உட்கார வேண்டும். முதலில் வெளியே வந்த கல் முதலில் கைக்குக் கிடைத்தது. எனவே ஒன்றாம் எண் வீட்டின் பின்கதவை ஒட்டி உட்கார்ந்தது. இருபத்திரண்டு குன்றின் உச்சிக்குப் போனது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

பன்னிரண்டு நாளில் முடித்துவிட்டோம். பக்கச் சுவரும் கைப்பிடியும்தான் பாக்கி.

அதற்காகக் காத்திராமல் மறுநாளே அம்மா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவர் முதல் படியில் கால் வைத்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது. நின்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு இது ஒன்று போதும் என்று நிஜமாகவே தோன்றியது.

அன்றைக்குத்தான் உச்சிக் கல் ஈரமாக இருந்ததை மச்சான் காட்டினான். கல் முழுக்க அல்ல, தேய்ந்த நடுப்பகுதி மட்டும். பாசி வாடை அடித்தது.

"ஊத்து எதுவும் இருக்கும்டா" என்றேன். கல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, தண்ணீர் பக்கவாட்டில் போக வழி செய்தேன்.

மறுநாள் உச்சிக் கல் காய்ந்திருந்தது. அதற்கு அடுத்த கீழ்க்கல் ஈரமாக இருந்தது.

அதற்கடுத்த நாள், அதற்கும் கீழே உள்ள கல்.

ஊற்று இப்படி இறங்கி வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் கீழே அவர் இரண்டாம் படி, மூன்றாம் படி என்று நாளுக்கொன்றாக ஏறிக்கொண்டிருந்தார். சவரம் செய்துகொண்டார். எங்கள் கலவையைப் பார்த்து "தண்ணி ஜாஸ்தி" என்று குறைகூட சொன்னார். மச்சானுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. இடுப்பு வலி என்றுகூடச் சொல்லாமல் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் அவர் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, ஒரு சந்தேகம். எறங்கும்போது யாருக்காவது மூச்சு வாங்குமா?"

"எறங்குறதுல என்ன சார் மூச்சு வாங்கப் போவுது."

"அதான் நானும் யோசிக்கிறேன். தினம் யாரோ மேலேருந்து எறங்குறாங்க. ஆள் தெரியல. சத்தம் மட்டும் கேக்குது. செங்குத்தா மலை ஏறுறவங்களுக்கு வாங்குமே, அந்த மாதிரி மூச்சு. ஒரு படி. அப்புறம் ரொம்ப நேரம் ஓய்வு."

நான் படிகளைப் பார்த்தேன். பூசாத பக்கவாட்டில் என் எண்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஈரம் பதினான்கில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிணற்றில் இருபத்திரண்டு அடியில் இருந்தது. ஒன்று வாயில் இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வெளியே வருகிற எதுவும் இருபத்திரண்டில் தொடங்கி ஒன்றுக்குத்தான் வர வேண்டும். அதற்கு அது ஏற்றம். கல்லைத் தோட்டத்தில் எப்படிப் போட்டாலும் அதற்கு அது ஏற்றம்தான். நான் கிணற்றின் வாயைக் கொண்டுவந்து இந்த வீட்டின் பின்கதவில் வைத்திருக்கிறேன்.

விரல்விட்டு எண்ணினேன். நாளை மறுநாள் அவர் பதினொன்றில் நிற்பார். அது பன்னிரண்டில் நிற்கும்.

அம்மாவைச் சமையலறை வாசலில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். நடுக் கற்கள் நான்கையும் எடுத்துவிடுகிறேன், ராப்பகலாக உட்கார்ந்து புதுக் கல் செதுக்கித் தருகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ரெண்டு வருஷமா அவர் சாவை மட்டும்தான் பேசிட்டிருந்தாரு. நேத்து, மேல போயி மரத்தடியில உக்காரணும்னு சொன்னாரு. கல்லு ஈரமா இருக்குன்னு சொல்லி அதை நிறுத்தச் சொல்றீங்களா?"

"அம்மா, நாலே நாளு."

"அவர் மனசு மாற நாலு நிமிஷம் போதும். வேண்டாண்ணே."

பத்தாம் நாள் மச்சான் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினான். நிஜக் காய்ச்சலாகவே இருக்கலாம். நான் தனியாகப் போய்க் கைப்பிடிக்குத் துளை போட்டேன். ஈரம் பதின்மூன்றில் இருந்தது. அவர் பத்தில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை முடிவெடுத்தேன். அவர்கள் காலை எட்டு மணிக்குத்தான் படிக்கு வருவார்கள். நான் ஆறு மணிக்கே போய், யாரையும் கேட்காமல், கடப்பாரையால் பதினொன்றையும் பன்னிரண்டையும் பெயர்த்துவிடுவது. திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம்.

ஆறு மணிக்குக் கிளம்பவும் செய்தேன். அந்தத் தெருமுனையில் ஒரு தேநீர்க்கடை இருந்தது. ஒரு தேநீர் குடித்தேன். பிறகு இன்னொன்று. பிறகு பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்துகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. இதை நான் என் மனைவியிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

வீட்டுக்குப் போனபோது எட்டேகால்.

பின்கதவு திறந்திருந்தது. அவர் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். பிடிமானம் இல்லாமல், நிமிர்ந்து, கைகளை வீசிக்கொண்டு. வலது கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"பாத்தீங்களா மேஸ்திரி" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், அம்மா எங்க?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "பதினொன்னுல நின்னுட்டிருந்தேன். எனக்கு முன்னாடி, ரொம்பக் கிட்டத்துல, ஒரு கை குடுங்கன்னு ஒரு குரல். ரெண்டு வருஷமா எல்லாரும் எனக்குத்தான் கை குடுத்தாங்க. என்கிட்ட யாருமே கேட்டதில்ல." நனைந்த கையைத் திருப்பிப் பார்த்தார். "குடுத்தேன். இழுத்துவிட்டேன்."

"அம்மா உங்ககூடத்தான நின்னாங்க?"

"ஆமா. இந்தக் கையப் பிடிச்சுட்டு நின்னா." இடது கையை உயர்த்திக் காட்டினார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்புறம் பாத்தா என் கையில ஒரு கைதான் இருந்துது."

"சார்."

"உள்ளதான் இருக்கா, போய்ப் பாருங்க."

போக வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளே வந்தாள். அம்மாவின் முகம். அம்மாவின் உடை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து பின்கதவுக்கு எட்டு அடி இருக்கும், அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"வாங்க மேஸ்திரி" என்றாள்.

பாசி வாடை.

நான் பின்னால் நகர்ந்தேன். அப்போது குன்றின் மேலிருந்து, மிகத் தொலைவிலிருந்து வருவதுபோல் ஒரு குரல் கேட்டது.

"அண்ணே."

படிகளில் ஓடினேன். இருபத்திரண்டு கல்லும் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தன. தகரத்தைத் தள்ளிவிட்டுக் கிணற்றின் வாயில் குப்புறப் படுத்தேன். கீழே இருட்டு. சுவரில் வரிசையாகச் சதுரச் சதுரமாக ஓட்டைகள், நான் கல்லைப் பிடுங்கிய இடங்கள்.

"அண்ணே, இங்க படி இல்லையே."

அது என் காலம் முழுவதும் என்னோடு இருக்கும். கோபம் இல்லாத குரல். வழி தெரியாமல் விசாரிக்கிற குரல்.

கல் கட்டும் கயிறு மரத்தடியில் கிடந்தது. அவிழ்த்துக் கீழே விட்டேன். கயிறு விறைத்தது. கனம் தெரிந்தது. யாரோ பிடித்துவிட்டார்கள்.

"பிடிச்சுக்குங்கம்மா, இழுக்குறேன்" என்றேன். இரண்டு பிடி இழுத்தேன்.

கீழிருந்து மூச்சு கேட்டது. நிதானமான, பழகிய மூச்சு. ஒரு இழுப்பு. ரொம்ப நேரம் ஓய்வு.

"அம்மா, நீங்கதான?"

கயிற்றை இறுகப் பிடித்தபடி மறுபடி கேட்டேன்.

"என்னை எப்படிக் கூப்புடுவீங்க, சொல்லுங்க."

மூச்சு மட்டும்.

தண்ணீருக்கு அடியில் இன்னும் எத்தனை படிகள் இருந்தன, அவற்றில் இன்னும் எத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இழுத்திருக்க வேண்டும். யார் வந்தாலும் வரட்டும் என்று இழுத்திருக்க வேண்டும். நான் கயிற்றின் நுனியை மரத்தில் கட்டினேன். இரண்டு முடிச்சு போட்டேன். பிறகு தோட்டத்தின் மறுபக்கமாக, படியில் கால் படாமல், முள்ளில் விழுந்து எழுந்து ஓடி வந்துவிட்டேன்.

அவர்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர் கடைத்தெருவரை நடந்து வருகிறார். அந்த அம்மா முன்னைப்போலப் பேசுவதில்லை, அவ்வளவுதான் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். நான் யாரிடம் போய் என்ன சொல்ல முடியும்? உயிரோடு நடமாடுகிற ஒருத்தியைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது?

மழை முடிந்த பிறகு, விட்டுவந்த சாமான்களை எடுத்துவர மச்சானை அனுப்பினேன். கடப்பாரை, சங்கிலி, மட்டப்பலகை எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டான். கயிறு மட்டும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே வந்து, என் மனைவியின் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான்.

"அவிழ்க்கப் பாத்தேன் மாமா. முடியல. இன்னும் விறைப்பாத்தான் இருக்கு."