பொடியன் சொன்ன ம்ஹூம்

வெளிநாட்டுக்குக் குடிவந்தால் முதலில் வீடு தேட வேண்டும். வீடு கிடைத்ததும் பள்ளிக்கூடம் தேட வேண்டும். இரண்டாவதுதான் பெரும்பாடு. சந்தேகம் இருந்தால் வாயாடியின் வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வாயாடி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பத்து வயதில் அவள் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் கொடுத்த பட்டம். தம்பிக்கு நாலரை வயது, அவன் பொடியன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. காலையில் இரண்டு பேரும் அரக்கப்பரக்க ஓடுகிறவர்கள். அதனால் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளைகள் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஒருவருக்குப் பிடித்து ஒருவருக்குப் பிடிக்காவிட்டால், அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்.

அன்று பார்க்கப் போனது ஒரு பிரிட்டிஷ் முறைப் பள்ளிக்கூடம். உள்ளே நுழைந்ததும் அப்பா லிஃப்டைத்தான் பார்த்தார். அம்மா கழிப்பறையைப் பார்த்தார். இரண்டும் தேறிவிட்டன.

அலுவலகத்தில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மகள் இயர் சிக்ஸ். மகன் ரிசப்ஷன்" என்றார்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. அம்மாவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"என்ன இது அநியாயம்! நம்ம புள்ள வாசல்ல உக்காந்து போன் எடுக்கணுமா?"

"அட, சும்மா இருங்க. இங்க சின்னப் பசங்க கிளாஸுக்குப் பேரே ரிசப்ஷன்தான். எங்க ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"அப்போ போன் எடுக்கிற இடத்துக்கு என்ன பேரு?"

"அதுவும் ரிசப்ஷன்தான்."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

அதற்குள் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு டீச்சர் வந்தார். சிரித்த முகம். பொடியன் சிறிது நேரம் வகுப்பில் விளையாடட்டும், நீங்கள் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள் என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். டீச்சர் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். உங்களுக்காகத்தான் தமிழில் சொல்கிறேன். பொடியனுக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும். டீச்சருக்குத்தான் தமிழ் சுத்தமாகத் தெரியாது.

மற்றவர்கள் நடந்து நடந்து மைதானத்துக்கு வந்தார்கள். அங்கே பெண்பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வாயாடிக்குக் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கோல் பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நம் வாயாடி தமிழில்தான் வாயாடி. இங்கிலீஷ் என்றால் வாய்க்குப் பூட்டு. தப்பாகப் பேசிச் சிரிப்பார்களோ என்று பயம். அவள் கையுறைகளைக் காட்டி, "மே ஐ?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னல்காரி பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே, "ம்ஹும்" என்றாள்.

'போச்சு, மாட்டேன்றா' என்று வாயாடி திரும்பி நடந்தாள். பின்னாலேயே ஓடிவந்த பின்னல்காரி, கையுறைகளை அவள் கையில் திணித்தாள். 'பரவாயில்லையே, மனசு மாறிட்டா!' என்று வாயாடி நினைத்துக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டு கோலில் போய் நின்றாள். பந்து வந்தது. கையில் படவில்லை, நேராக வயிற்றில் வந்து மோதியது. வாயாடி தொப்பென்று உட்கார்ந்தாள். ஆனால் கோல் விழவில்லை! எல்லோரும் கை தட்டினார்கள்.

"அம்மா, இந்த ஸ்கூல்தான்! இதுதான்! வேற எதுவும் வேணாம்!" என்று அவள் வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தாள்.

ரிசப்ஷன் வகுப்பின் கதவு திறந்தது. பொடியன் வெளியே வந்தான். தலையில் காகிதக் கிரீடம். கன்னத்தில் பச்சை வர்ணம். கண்ணில் மழை.

"நான் இந்த ஸ்கூலுக்கு வரமாட்டேன்!"

அம்மா பதறிப்போய் அவனைத் தூக்கினார். "என்னடா கண்ணா, அடிச்சாங்களா?"

"ம்ஹூம்."

"திட்டினாங்களா?"

"ம்ஹூம். ஆனா வரமாட்டேன்."

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பெருமூச்சு விட்டார். "சரி விடு. நம்ம வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஸ்கூல்லயே சேத்துடலாம்."

வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் மைதானமே கிடையாது. விளையாட்டு வகுப்பு என்றால் மொட்டை மாடியில் வரிசையாக நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்வார்கள். வாயாடிக்குத் தம்பி மேல் கோபம் கோபமாக வந்தது. இவனை எப்படியாவது மசிய வைக்கலாமா, தன் கலர் பென்சில் டப்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தாள்.

பொடியன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினான். அவன் சும்மா அடம் பிடிக்கிற அழுகை வேறு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இது அது இல்லை. வாயாடியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

அவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உனக்குப் பிடிக்கலன்னா வேணாம்டா. அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டேன். என்ன நடந்துச்சு, அத மட்டும் சொல்லு."

"அந்த டீச்சர் நான் சொல்றத கேக்கவே மாட்டேன்றாங்க."

"என்ன சொன்னே?"

"டாய்லெட் போணுமான்னு கேட்டாங்க. வேணாம்னேன். கூட்டிட்டுப் போய்ட்டாங்க. கிரீடம் வேணாம்னேன். தலையில வச்சுட்டாங்க. கன்னத்துல தவளை வரையவான்னாங்க. வேணாம்னேன். வரைஞ்சுட்டாங்க. அப்புறம், அப்புறம், எல்லாருக்கும் முன்னாடி நின்னு பாடுறியான்னு..."

"வேணாம்னு சொன்னியா?"

"ஆமா. ஒடனே எல்லாரும் கை தட்டிட்டாங்க!"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்ன பள்ளிக்கூடம்! இருங்க, நான் போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"இரும்மா" என்றாள் வாயாடி. "டேய், வேணாம்னு எப்படிச் சொன்னே? எனக்குச் சொல்லிக் காட்டு."

பொடியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். "ம்ஹூம்."

வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே பின்னல்காரி சொன்ன "ம்ஹும்" அவள் காதில் மறுபடியும் கேட்டது. பின்னல்காரியின் மனசு ஒன்றும் மாறவில்லை. முதலிலேயே "சரி, எடுத்துக்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறாள்!

"அய்யய்யோ! அம்மா, நம்ம ஊர்ல ம்ஹூம்னா இல்ல. இவங்களுக்கு ம்ஹூம்னா ஆமா!"

"என்னது?" என்று அப்பா வாயைப் பிளந்தார்.

வாயாடி பதில் சொல்ல நிற்கவில்லை. பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். தட்டிய பிறகுதான், இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லவேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"டீச்சர், மை பிரதர்... ம்ஹூம் சேயிங்... நோ சேயிங்."

"ம்ஹும்?" என்று டீச்சர் அன்பாகத் தலையாட்டினார்.

"நோ, நோ! யூ ம்ஹும், யெஸ்! ஹீ ம்ஹூம், நோ!"

இலக்கணம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. யாரும் சிரிக்கவில்லை. வாயாடி விடவில்லை. கிரீடத்தைத் தொட்டு, "ம்ஹூம், நோ" என்றாள். தவளையைத் தொட்டு, "ம்ஹூம், நோ" என்றாள். பாடுகிற மாதிரி வாயைத் திறந்து, கையை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டினாள்.

டீச்சரின் கண்கள் மெல்ல மெல்லப் பெரிதாயின. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடடா! பாவம் குழந்தை! எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றா சொல்லிக்கொண்டிருந்தான்?"

அவர் அப்படியே தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து பொடியனின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். "என்னை மன்னித்துவிடு. இப்போது சரியாகக் கேட்கிறேன். கிரீடம் வேண்டுமா?"

"ம்ஹூம்."

டீச்சர் கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"பாட வேண்டுமா?"

"ம்ஹூம்!"

"சரி, பாட வேண்டாம்."

பொடியன் சந்தேகத்தோடு அவரைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். சொன்னால் சொன்னபடி கேட்கிறார்களே!

"உனக்கு என்னதான்டா வேணும்?" என்று வாயாடி கேட்டாள்.

"தண்ணி. அப்போலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"யார்கிட்ட கேட்டே?"

"மனசுக்குள்ள."

அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வாயாடி "வாட்டர்" என்று சொன்னதும் டீச்சர் ஓடிப்போய் ஒரு குவளை நிறையக் கொண்டுவந்தார். பொடியன் மடக் மடக்கென்று குடித்தான். சட்டையில் பாதியைக் கொட்டிக்கொண்டான். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, டீச்சரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னான்.

"நாளைக்கு நானே பாட்டில் கொண்டாந்துடுறேன்."

அம்மாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "நாளைக்கா? வரவே மாட்டேன்னு அழுதியேடா!"

"அது அப்போ."

வாயாடிக்கு அவனைக் கட்டிப்பிடித்துச் சுற்ற வேண்டும் போலிருந்தது. சுற்றியும் விட்டாள். "நாளைக்கு முடியாதுடா தங்கம். அடுத்த திங்கக்கிழமைதான் சேத்துப்பாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"ம்ஹூம்!" என்று பொடியன் காலை உதைத்துக் கத்தினான். "ம்ஹூம், ம்ஹூம், ம்ஹூம்!"

பாவம் டீச்சர், பயந்துபோய்விட்டார். இப்போதுதானே கற்றுக்கொண்டார்! கிரீடம் ஒரு பக்கம் சாய, "நோ?" என்று கவலையோடு வாயாடியைக் கேட்டார்.

வாயாடிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

"யெஸ், டீச்சர்!" என்றாள். "திஸ் நோ இஸ் யெஸ்!"