ஒரு விமானம், இரண்டு மச்சான்கள்

அன்று காலை வெர்னெல் அடுப்பில் ஒரே ஒரு பன்றித்தொடையைத்தான் வேக வைத்திருந்தாள். அதைக் கண்டதுமே ஹாலிஸுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அந்த வீட்டில் விருந்து என்றால் எல்லாமே இரண்டு. மதியம் கணவரோடு ஒன்று. சாயங்காலம் பண்டங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரின் அந்தக் கோடியில் தம்பி ராய்ஸ் வீட்டில் இன்னொன்று.

"ஏன், உன் தம்பிக்கு இன்னைக்கு ஒண்ணும் எடுத்துட்டுப் போகலையா?"

"இல்லீங்க."

"சண்டை போட்டுட்டியா?" அவர் குரலில் நப்பாசை தெரிந்தது.

"அவனே இங்க சாப்பிட வர்றான். அவன் பொண்டாட்டி ஓப்பலும் வர்றா."

ஹாலிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவன் இந்த வாசலுக்குள்ள கால் வச்சா, நான் பெட்ரோல் பங்க்லயே படுத்துக்குவேன்."

"தாராளமா. போர்வை அலமாரியில இருக்கு. நெல்டாவோட மாமியார் கேட்டா, பொண்ணோட அப்பா டயருக்கு நடுவுல தூங்குறார்னு சொல்லிக்கிறேன்."

ஹாலிஸ் காபிக் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். மகளுக்கு நிச்சயமான பிறகு சம்பந்தியம்மாள் முதன்முதலாக வீட்டுக்கு வருகிற நாள். டயர்க் கதையெல்லாம் எடுபடாது.

ஹாலிஸும் ராய்ஸும் ஒரு காலத்தில் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, சீனாவுக்காகச் சண்டை விமானம் ஓட்ட இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம். அது போக, வீழ்த்துகிற ஒவ்வொரு எதிரி விமானத்துக்கும் ஐந்நூறு டாலர். பர்மா வானத்தில் ஒருநாள் ஒரு ஜப்பானிய விமானத்தை இருவரும் சுட்டார்கள். விழுந்தது ஒன்று. அதிகாரிகள் அதை ஹாலிஸ் கணக்கில் எழுதினார்கள். ராய்ஸ் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான்.

அந்தப் பணத்தில்தான் ஹாலிஸ் பெட்ரோல் பங்க்கைத் தொடங்கினார். வீழ்த்திய விமானத்துக்கு அடையாளமாகப் பங்க்கின் சுவரில் ஒரு சின்ன ஜப்பான் கொடியை வரைந்து வைத்தார். பருத்திக்கு மருந்து தெளிக்கும் தன் விமானத்தில் ராய்ஸும் ஒரு கொடி வரைந்தான். அவர் கொடியைவிட அரைச்சாண் பெரிதாக. மேற்கு டெக்ஸாஸில் அந்தச் சிற்றூருக்கு ஒரு விமானத்துக்கு இரண்டு கொடி.

நடுவில் அகப்பட்டவள் வெர்னெல். "தம்பி பக்கம்தானே நீ" என்பார் கணவர். "புருஷன் பக்கம்தானே நீ" என்பான் தம்பி. இரண்டு வீட்டிலும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவள் உடம்பு பெருத்ததைத் தவிர, அந்த விமானத்தால் அவள் கண்ட பலன் ஒன்றுமில்லை. இந்த முறை நெல்டா சொல்லிவிட்டாள்: "ராய்ஸ் மாமா வராம எனக்கு விருந்தும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்மா."

மதியம் எல்லோரும் மேசையில் உட்கார்ந்தார்கள். ஹாலிஸ் ஒரு கோடி, ராய்ஸ் மறு கோடி. மாப்பிள்ளை மார்வின் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாய் பீசன் அம்மாள் காலஞ்சென்ற பாதிரியாரின் மனைவி, காது மந்தம்.

"அக்கா, உருளைக்கிழங்கு அந்தப் பக்கம் இருக்கு. யாரையாச்சும் தள்ளச் சொல்லு" என்றான் ராய்ஸ்.

"வெர்னெல், அடுத்தவன் பக்கத்துல இருக்கறத எடுத்துக்கிறது சிலருக்குப் பழக்கம்னு சொல்லு" என்றார் ஹாலிஸ்.

"எடுத்துக்கிட்டது யாருன்னு பர்மாவுல கேட்டா தெரியும்."

"அண்ணி, நான் அப்பவே சொன்னேன்ல, இது சரிப்படாதுன்னு..." என்று ஓப்பல் மூக்கை உறிஞ்சினாள்.

பீசன் அம்மாள் காதருகே கையைக் குவித்தார். "பர்மாவுல என்ன?"

மச்சான்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"விழுந்தா காசு குடுப்பாங்களா?"

"ஆமாங்க. ஒப்பந்தம் அப்படி" என்றார் ஹாலிஸ்.

"எங்க பக்கமும் உண்டு. நரியச் சுட்டு, காத அறுத்துக் கொண்டு போனா கோர்ட்டு வாசல்ல காசு தருவாங்க. அந்த மாதிரியா?"

ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அது வேறம்மா. இது போர்" என்றான் ராய்ஸ்.

"நம்ம நாட்டுப் போரா?"

"அப்போ நம்ம நாடும் இறங்கிடுச்சு. ஆனா... நாங்க கையெழுத்துப் போட்டப்ப இல்ல."

"அப்ப காசுக்குத்தான் போனீங்க." அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை, பருத்தி விலை விசாரிப்பதுபோல் இருந்தது. "உள்ள இருந்தவன் என்ன ஆனான்? அவனக் கொன்னது உங்கள்ல யாரு?"

ஹாலிஸ் நாப்கினை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "யோசிச்சுப் பாத்தா... அது ராய்ஸ் சுட்டதாத்தான் இருக்கும்."

"நானா?" ராய்ஸ் பாதி எழுந்துவிட்டான். "மச்சான், காசு வாங்கினது நீ. உன் பேர்லதான் எழுதியிருக்கு. எனக்கு எதுக்கு?"

"நீதானே உன்னுதுன்னு ஊரெல்லாம் சொன்ன? வச்சுக்க."

"நீ வச்சுக்க."

வெர்னெல் கையிலிருந்த குழம்புக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். அது முழுகியே போயிற்று.

"பதினாலு வருஷம்" என்றாள். "உன்னுதா என்னுதான்னு அடிச்சுக்கிட்டீங்க. நான் ரெண்டு அடுப்புல வெந்தேன். ஆரம்பத்துல ஓப்பலுக்குக் குழந்தை தங்காம போனப்ப, என் தம்பி வீட்டுக்கு நான் திருடி மாதிரி கொல்லைப்பக்கமாப் போனேன். இன்னைக்கு இந்தம்மா அந்த மனுஷனப் பத்திக் கேட்டதும் ரெண்டு பேருக்கும் வேண்டாமா? சரி, என் பேர்ல எழுதுங்க. நான்தான் சுட்டேன். போதுமா?"

அவள் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். கதவுவரை போனவளை ஹாலிஸின் குரல் நிறுத்தியது. அவர் அவளிடம் பேசவில்லை. தட்டைப் பார்த்துப் பேசினார்.

"அந்த ஜப்பான்காரன் விமானத்தோட மேல் கண்ணாடியத் தெறக்கப் பாத்தான். தெறக்கல. உள்ளயிருந்து கையால தட்டிக்கிட்டே இருந்தான்... கையுறையக் கழட்டிட்டுத் தட்டினான்."

ராய்ஸ் அவரை வெறித்தான். "நீயும் பாத்தியா?"

"பக்கத்துலதானே பறந்தேன்."

"நான் மட்டும்தான் பாத்தேன்னு இத்தனை நாள்..." ராய்ஸ் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தான். "ஓப்பல்கிட்டகூட சொன்னதில்ல, மச்சான். என் தூக்கத்துல வந்து தட்டுறான்."

"எனக்கும்தான்" என்றார் ஹாலிஸ்.

வெர்னெலுக்கு இரவுகள் நினைவுக்கு வந்தன. தூக்கத்தில் தலைமாட்டுப் பலகையைத் தட்டுகிற கணவரை வாயுத்தொல்லை என்று எண்ணிச் சோடா கலந்து கொடுத்திருக்கிறாள். ஒருநாளாவது என்னவென்று கேட்டிருக்கலாமே... அவள் திரும்பி வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியம்மாள் முன்னால் என்றுகூடப் பாராமல், தேம்பி அழுதார். மறுகோடியிலிருந்து ராய்ஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தான்.

"மெதுவா அடிடா, பாவி" என்றார் ஹாலிஸ் அழுகைக்கு நடுவே.

பீசன் அம்மாள் தலை குனிந்தார். "அந்தப் பிள்ளையோட பேர் என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. பேர் சொல்லாமலே அவனுக்காக ஜெபித்தார். அவனைப் பெற்றவளுக்காகவும் ஜெபித்தார். ஆமென் சொல்லும்போது ஓப்பல் வெர்னெலைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, அழாதீங்க. கண்ணீரெல்லாம் பீன்ஸ்ல விழுது."

"விழட்டும்டி. எப்படியும் உப்புப் பத்தல."

ஹாலிஸ் எழுந்து கத்தியை எடுத்து, பன்றித்தொடையில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, ராய்ஸின் தட்டில் வைத்தார். நெல்டா மார்வினின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் அழவும் முடியாமல் இருந்தாள்.

நடந்ததில் பாதி பீசன் அம்மாள் காதில் விழவே இல்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே மறுபடி கேட்டார்.

"கடைசியில அந்தப் பிள்ளையச் சுட்டது யாருன்னு முடிவாச்சா?"

மச்சான்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க ரெண்டு பேரும்தாம்மா" என்றார்கள், அவர் காதில் விழுகிற மாதிரி.