பாவுக்கு அந்தப் பக்கம்

"ஹாரன் அடிச்சா பாவு எழுந்து வழி விடுமாங்க?"

மதிவதனிக்குச் சுர்ரென்று வந்தது. ஆரணியில் அந்தத் தெரு நெடுக, நட்டநடுவே, தறியில் ஏற்றப்போகும் பட்டு நூல்களை நீளப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டக் கூடாது. காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெருக்கோடி வரை போய்ச் சுற்றிவர வேண்டும். இந்தப் பக்கம் ஸ்கூட்டியில் அவள்... அந்தப் பக்கம் டீசல் கேன்களோடு மொபெட்டில் அவன்.

"நீங்களுந்தான் நின்னுகினு இருக்கீங்க. சுத்திகினு போறது?"

"இந்தத் தெருக்காரன் நான். சுத்த மாட்டேன்."

"நான் போளூர்க்காரி. நானும் சுத்த மாட்டேன்!"

அவன் சிரித்தான். உதட்டுக்கு முன்பே கண்கள் சிரித்துவிட்டன... பாழாய்ப்போன கண்கள்!

படபடவென்று தூறல். "ஐயோ, பாவு நனையுதே!" என்று பாவு போட்டிருந்த நெசவுக்காரி கிருஷ்ணம்மாள் கத்த, இருவரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுருட்ட உதவினார்கள். ஈர இமைகளோடு நிமிர்ந்தவன் சொன்னான்:

"என் பேரு சக்கரவர்த்தி."

"எந்த நாட்டுக்கு?"

"டீசல் நாட்டுக்கு. கரண்ட்டு போனா இங்க எல்லாத் தறியும் என் ஜெனரேட்டர்லதான் ஓடும்."

அவள் சிரிப்பு நின்றது. அவள் தேடி வந்த ஆளே அவன்தான். தறிக்கூரைகளில் சோலார் போட அவளுடைய சென்னைக் கம்பெனி முதலீடு செய்யத் தயார். ஆனால் மாதக் கடைசிக்குள் தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்; ஒரு கூரை விடுபட்டாலும் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும். மற்றவர்கள் சம்மதித்தாயிற்று... பாக்கி, ஜெனரேட்டர்காரர் கூரை.

சொன்னாள். அவன் முகம் இறுகியது.

"என் பொழப்புல மண்ணு போட நானே கையெழுத்து போடணுமா?"

அவன் கேட்டது நியாயம்தானே? ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. மேலதிகாரியிடம் அடித்துப் பேசினாள்: பேனல்களைப் பராமரிக்கும் வேலை ஜெனரேட்டர் ஓட்டியவருக்கே. மேலதிகாரி முணுமுணுத்து ஒப்புக்கொண்டார். ஆனால் சக்கரவர்த்தியிடம் அதைப் போய்ச் சொல்ல... ரோஷம் விடவில்லை.

கெடு முடியும் நாள். மறுபடியும் தெருவில் பாவு. மறுபடியும் அந்தப் பக்கம் அவன்... கேன்கள் இல்லாமல்.

"கையெழுத்து போட்டுட்டேங்க."

"ஏன்...?"

"கம்பெனி வேற ஊருக்குப் போனா நீங்களும் போய்டுவீங்க. அந்தப் பேஜாரு நமக்குத் தாங்காது."

"உங்க பொழப்பு?"

"பாத்துக்கலாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "லூசாங்க நீங்க? பேனலப் பாத்துக்கிற வேலை உங்களுக்குத்தான்னு எப்பவோ பேசி முடிச்சுட்டேன்!"

"சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்ல!"

அடுத்த நொடி அவன் கிழக்குக் கோடிக்கு ஓட, அவள் மேற்குக் கோடிக்கு ஓட... இருவரும் சுற்றி வந்து பார்த்தால், நடுவே அதே பாவு. பக்கம்தான் மாறியிருந்தது.

"யாராச்சும் ஒருத்தர் நில்லுங்கப்பா!" கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க நில்லுங்க... நான் வரேன்" என்றாள் மதிவதனி மூச்சு வாங்க.

"வந்துட்டு?"

"வந்துட்டு... போக மாட்டேன். உங்களப் புடிச்சிருக்கு, போதுமா?"

தெருவே கேட்டது. சுற்ற மாட்டேன் என்ற போளூர்க்காரி, இரண்டாம் முறையாகத் தெருக்கோடிக்கு ஓடினாள்.