ஒன்றாக்கிய பக்கம்

சாயங்காலம் நாலரை மணிக்குப் பாலக்கரை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, டிவி தொடர் ஒன்றைப் பற்றி ரசிகர்களே எழுதித் திருத்தும் இணையதளமான ரசிகர் விக்கியைத் திறந்த வசீம், புதிய பக்கங்களின் பட்டியலில் தன் இரண்டு மகள்களின் பெயர்களைக் கண்டான். சம்ரீன். அல்ஷிஃபா.

யாரோ வம்பு செய்கிறார்கள் என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. அந்த விக்கிக்கு நிர்வாகி அவன், ஆகாதவர்களுக்குப் பஞ்சமா? முந்தாநாள்தான் ஸ்ரீரங்கத்து ரசிகை சுபஸ்ரீ, தொடரில் தலைகாட்டிவிட்டுப் போகும் இரண்டு வேலைக்காரச் சகோதரிகளுக்குத் தனித்தனிப் பக்கம் எழுதியிருந்தாள். விவரம் அதிகம் என்று இவன் வெட்டி, இரண்டையும் ஒரே பக்கமாக்கினான். போன் செய்து அழுதாள்.

"அவங்க ரெண்டு பேருங்க சார். ஒருத்தி பயம் இன்னொருத்திக்குக் கிடையாதுங்க."

"உப்புச்சப்பில்லாத ஆளுங்கம்மா. யாரு கேக்கப் போறா?" என்று வைத்துவிட்டான். அதில் ஒரு அற்ப சந்தோஷம்கூட அவனுக்கு.

கீழே மனைவி சுராயா வதக்கும் வெங்காய வாசனை படியேறி வர, மின்விசிறி கடகடக்க, புழுங்கும் அந்த அறையில் மகள்களின் பக்கங்களை வாசித்தான். மூத்தவள் சம்ரீன், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். இளையவள் அல்ஷிஃபா, குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துவாள். இன்று காலை விழுந்த முன்பல்லை அத்தாவின் கண்ணாடிக் கூட்டில் ஒளித்துவைத்திருக்கிறாள்.

மேசைமேல் இருந்த தன் கண்ணாடிக் கூட்டைத் திறந்தான். பல் இருந்தது.

பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஊரே படிப்பதா? பக்கங்களை நீக்கினான். திரும்ப வந்தன. மறுபடி நீக்கினான். வந்தன. தெரிந்த வித்தை ஒன்றுதான். வரிவரியாக வெட்டினான். தூக்கம் போயிற்று. குக்கர் போயிற்று. மிச்சத்தை ஒரே பக்கமாக்கினான். காரணம் கேட்ட கட்டத்தில் எழுதினான்: தேவையற்ற விவரம்.

இந்த முறை பக்கம் அடங்கியது.

வாசலில் ஸ்கூல் வேன் நின்றது. கதவு சாத்தும் சத்தம். காலடி. ஒருத்தியின் காலடி மட்டும்.

"சுராயா! இன்னொருத்தி எங்க?"

"யாருங்க இன்னொருத்தி? நமக்கு ஒரே பொண்ணுதானே?"

காலடி மாடிப்படி ஏறியது. கனமாக. நின்று நின்று.

கதவருகே வந்து நின்றாள். முதுகில் ஒரு பை. மார்பில் ஒரு பை. யூனிஃபார்ம் தையல்விட்டுப் பிதுங்கியது. முகம் இருவருடையதும் இல்லை. வாய் திறந்தது. இரண்டு குரல்கள் முட்டிமோதி வந்தன.

"அத்தா, அவளத் தள்ளிக்கச் சொல்லுங்க. உள்ள இடமே இல்ல."